செயின்ட் ஐவ்ஸ் முதல் போர்த்கர்னோ வரை: கார்ன்வால் கடலோரத்தில் நடந்தபோது சந்தித்தவர்கள்

மே மாதக் கடைசியில் என் மனைவியும் நானும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையை ஒட்டி, செயின்ட் ஐவ்ஸிலிருந்து போர்த்கர்னோ வரை நடந்தோம். வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். போக விரும்புகிறவர்களுக்குத் தேவையான பாதை விவரமும் இடையிடையே வரும்.

இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரெடிங்கில் இருக்கிறோம், வாரக் கடைசியில் தேம்ஸ் கரையோரம் நடப்போம், அவ்வளவுதான் பழக்கம். நடைப்பயணம் என்றதும் நண்பர்கள் எல்லோரும் லேக் டிஸ்ட்ரிக்ட்டைத்தான் சொன்னார்கள். கார்ன்வாலைச் சொன்னது என் மனைவி. அவள் கோலார் தங்கவயல்காரி. மாமனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கங்களை 1880 முதல் நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கார்ன்வாலிலிருந்துதான் சுரங்கக் கேப்டன்கள் எனப்பட்ட மேற்பார்வையாளர்களையும் பொறியாளர்களையும் வரவழைத்தது. அவர்களுக்குக் கீழே குழிக்குள் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். "அந்தக் கேப்டன்களோட ஊர் எப்படித்தான் இருக்கும், ஒரு தடவை பார்த்துடணும்ங்க" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் ரயில் ரெடிங்கிலும் நிற்கும். செயின்ட் எர்த்தில் இறங்கி ஒரு குட்டி ரயிலில் மாறினால் கடலைப் பார்த்துக்கொண்டே செயின்ட் ஐவ்ஸ் போய்விடலாம்.

நாங்கள் நடந்தது தென்மேற்குக் கடலோரப் பாதையின் ஒரு பகுதி. முழுப் பாதை 630 மைல், அதாவது 1,014 கிலோமீட்டர். சோமர்செட்டில் மைன்ஹெட்டில் தொடங்கி, டெவன், கார்ன்வால் என்று சுற்றிக்கொண்டு டார்செட்டில் பூல் துறைமுக வாயிலில் முடிகிறது. கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் இது. ஒவ்வொரு குடாவையும் அவர்கள் எட்டிப் பார்த்தாக வேண்டுமே! அதனால் குறுக்கு வழி என்ற பேச்சே கிடையாது. ஓடை வந்தால் அடிவரை இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். ஓக் மரக் கொட்டையின் படம் பொறித்த கட்டைகள் வழிகாட்டும். கடல் எப்போதும் வலக்கைப் பக்கம்தான் என்பதால் வழி தவறுவது கஷ்டம்.

செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னர் பத்து கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். இந்தப் பாதையிலேயே மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். கிரானைட் பாறைகள் தடத்தின் மேலேயே உருண்டு கிடக்கின்றன. சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற முடியும். நடுவில் சதுப்பு. அங்கேதான் முதல் ஆளைச் சந்தித்தோம். எழுபது வயதிருக்கும், தனியாக வந்த ஒரு பெண்மணி, பாறைமேல் உட்கார்ந்து காலணியிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, சேற்றில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று தன் கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டினார். என் மனைவி கடந்து வரும்வரை அவர் நகரவில்லை.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையை அவரோடு பகிர்ந்துகொண்டோம். கணவர் இருந்தபோது இருவரும் வருடா வருடம் வந்து இந்தப் பாதையைத் துண்டு துண்டாக நடந்தார்களாம். அவர் போன பிறகு, மீதியிருந்த துண்டுகளை இவர் மட்டும் நடந்து முடிக்கிறார். "இங்கே கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம்" என்றார். அந்தக் கணக்கு கடைசிவரை எங்களுக்குச் சரியாக இருந்தது. கடலில் காரக்ஸ் என்ற பாறைத்திட்டைக் காட்டியதும் அவர்தான். சாம்பல் நிறச் சீல்கள் அதன்மேல் படுத்துக் கிடந்தன. மேலேயிருந்து சத்தம் போட்டால் அவை பயந்து தண்ணீரில் குதித்துக் காயப்பட்டுக்கொள்ளும் என்பதால் குரலைத் தாழ்த்தச் சொன்னார்.

வழி நெடுக மஞ்சளாகப் பூத்த கோர்ஸ் முட்புதர்கள். வெயில் பட்டால் அதிலிருந்து தேங்காய் வாசனை வரும். நம்மவர் யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். பாறை இடுக்குகளில் இளஞ்சிவப்பு திரிஃப்ட் பூக்கள் குட்டை குட்டையாக. ஒரு வளைவில் சிவப்பு அலகும் சிவப்புக் காலும் கொண்ட இரண்டு காக்கைகள் காற்றில் குட்டிக்கரணம் போட்டன. சஃப் என்று பெயர், கார்ன்வாலின் சின்னமான பறவை. இங்கே அற்றுப்போயிருந்து 2001இல் தானாகத் திரும்பி வந்தது.

ஸென்னரில் சிறிய கிரானைட் தேவாலயம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கடற்கன்னிச் சிற்பம் ஒன்று அங்கே பெஞ்சின் பக்கப்பலகையில் செதுக்கப்பட்டிருக்கிறது; கையில் சீப்பும் கண்ணாடியும். கோயில் பாடகர் பையன் ஒருவனின் குரலில் மயங்கி அவனைக் கடலுக்குள் கூட்டிப் போய்விட்டாள் என்பது ஊர்க்கதை. அதைவிட என்னைக் கவர்ந்தவை ஊரைச் சுற்றியிருக்கும் வயல்கள். பாறாங்கல் அடுக்கிய வரப்புச் சுவர்களில் பல 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இன்னும் அதே சுவருக்குள்தான் மாடு மேய்கிறது. மறுநாள் காலை ஒரு விவசாயி கன்றுகளோடு மாடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்து அருகில் வந்து, பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள், மற்றபடி பயமில்லை என்றார். ஒரு சுவரைக் காட்டி, "இதில் சரிந்த கல்லை என் தாத்தா எடுத்து வைத்தார், அப்பா எடுத்து வைத்தார், போன குளிர்காலத்தில் நான் எடுத்து வைத்தேன்" என்றார்.

ஸென்னரிலிருந்து பெண்டீன் கலங்கரை விளக்கம் வரை கடல்மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கர்னார்ட்ஸ் ஹெட் முனையின் அழகைப் பற்றி ஏதும் சொல்ல முடியாது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு வருகிற சில கிலோமீட்டர்தான் எங்களுக்கு இந்தப் பயணமே. கீவர், லெவன்ட், பொட்டாலக் என்று வரிசையாகச் சுரங்கங்கள். கூரை போன இயந்திர வீடுகளும் செங்கல் புகைபோக்கிகளும் கடல் விளிம்பு வரை நிற்கின்றன. புல் முளைக்காத சிவந்த கழிவு மண்மேடுகளைக் கண்டதும் மனைவி நின்றுவிட்டாள். "எங்க ஊர் சயனைடு மேடு மாதிரியே இருக்குங்க" என்றாள்.

கீவர் வெள்ளீயச் சுரங்கம். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்ததிலிருந்து மீளவே முடியாமல் 1990இல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தொழிலாளர்கள் உடை மாற்றிய கூடத்தை, அங்கே 'டிரை' என்கிறார்கள், அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அலமாரிக் கதவுகளில் ஒட்டிய படங்கள், செம்மண் ஏறிய மேலுடைகள், பூட்ஸ். எங்களைச் சுற்றிக் காட்டியவர் முன்பு அங்கேயே குழியில் வேலை பார்த்தவர். கூட்டத்தில் ஒருவர் உள்ளே சூடாக இருக்குமா என்று கேட்டார். அவர் பதில் சொல்லி முடித்ததும், என் மனைவி, வழக்கமாக நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவள், "என் அப்பா வேலை செய்த இடத்தில் பாறையையே தொட முடியாது" என்றாள்.

"எந்தச் சுரங்கம்?"

"கோலார். சாம்பியன் ரீஃப்."

"எவ்வளவு ஆழம்?"

"மூன்று கிலோமீட்டருக்கு மேல்."

அவர் பக்கத்து அறையிலிருந்த இன்னொரு பழைய தொழிலாளியைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். சுற்றுப்பயணம் முடிந்த பிறகு இருவரும் எங்களைத் தேநீருக்கு உட்கார வைத்தார்கள். அப்புறம் நடந்த பேச்சில் எனக்கு இடமே இல்லை. ராக் பர்ஸ்ட், அதாவது குழிக்குள் பாறை வெடிப்பு, வந்தால் தரைமேலே தொழிலாளர் லைன் வீட்டுப் பாத்திரங்கள் எப்படி அதிரும், ஷிஃப்ட் சங்கு ஊதினால் அம்மா ஏன் வாசலில் வந்து நிற்பாள், தூசி புகுந்து நுரையீரல் கெட்டவர்கள் இரவில் எப்படி இருமுவார்கள் என்று இவள் சொல்லச் சொல்ல, அவர்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். சிலிகோசிஸ் என்ற அந்தத் தூசி நோய் இரண்டு ஊருக்கும் பொது. பூமியில் எங்கே குழி இருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அங்கே சொல்வழக்கு உண்டாம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் செம்பு, பின்னர் வெள்ளீயம் என்று விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மெக்ஸிகோ, தென்னாப்பிரிக்கா என்று போனார்கள். கோலார் இருந்த மைசூர் சமஸ்தானமும் அந்தப் பட்டியலில் ஒன்று.

சுற்றிக் காட்டியவருடைய பாட்டியின் அண்ணனும் கோலாருக்குப் போனவர்தானாம். காய்ச்சலில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார் என்பது மட்டும் வீட்டில் சொல்லக் கேள்வி. "அந்தக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் முள் மண்டிய பழைய வெள்ளைக்காரக் கல்லறை ஒன்று இருந்தது மனைவிக்கு நினைவிருந்தது. பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அடுத்தது லெவன்ட். 1840இல் கட்டிய நீராவி இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் பழுது பார்த்து இன்றும் ஓட்டுகிறார்கள். நீராவி ஓடும் நாளா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். இந்தச் சுரங்கம் கடலுக்கடியில் ஒரு மைலுக்கு மேல் போகிறது. தொழிலாளர்கள் ஏறி இறங்க இங்கே 'மேன் எஞ்சின்' என்று ஒன்று இருந்தது. குழிக்குள் தொங்கும் நீளமான மரத்தண்டை நீராவி இயந்திரம் 12 அடி தூக்கும், 12 அடி இறக்கும். தண்டில் அதே இடைவெளியில் படிகள், குழிச் சுவரில் சிறு மேடைகள். தண்டு மேலே வந்து நிற்கிற நொடியில் படியிலிருந்து மேடைக்கு மாறி, அது இறங்கியதும் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். இருட்டில், எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு. 1919 அக்டோபர் 20 அன்று ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறிவந்தபோது தண்டின் உச்சிப் பிணைப்பு உடைந்து 31 பேர் இறந்தார்கள். அந்தக் குழியை மேலிருந்து எட்டிப் பார்க்க முடிகிறது. நானும் பார்த்தேன். மனைவி வரவில்லை, தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டாலக்கில் அலை மோதும் பாறைமேல் இரண்டு இயந்திர வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் அது இன்னும் நம்ப முடியாததாக இருக்கிறது. இந்தச் சுரங்கப் பகுதி முழுவதும் 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தங்கவயலுக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2001இல் மூடியதிலிருந்து அங்கே எவ்வளவு துருப்பிடித்துப் போய்விட்டது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

செயின்ட் ஜஸ்ட் ஊரில் தங்கி, சூடான பேஸ்ட்டி சாப்பிட்டோம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் போன்ற ஸ்வீட் (swede) என்ற கிழங்கு வைத்து விளிம்பை முறுக்கி மூடியது, சைவத்திலும் கிடைக்கும். இங்கிலாந்தின் மேற்குக் கோடி முனையான லேண்ட்ஸ் எண்டில் கூட்டமும் கடைகளும்தான், நிற்காமல் கடந்துவிடலாம். அதைத் தாண்டிய செங்குத்துப் பாறைகள் மிக அழகு. மினாக் திறந்தவெளி அரங்கிலிருந்து செங்குத்தான கல்படிகளில் இறங்கினால் போர்த்கர்னோ மணல். 1870இல் பம்பாயோடு தந்தித் தொடர்பு தந்த கடலடிக் கம்பி கரையேறியது இங்கேதான். 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை கம்பி நீண்டது. அங்கிருக்கும் தந்தி அருங்காட்சியகத்தில் ஒரு தன்னார்வலர் என் மனைவியின் பெயரை மோர்ஸ் தந்திக் குறியில் தட்டிக் காட்டினார்.

கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸும் இரண்டு கைத்தடிகளும் கட்டாயம். பெட்டிகளை விடுதிக்கு விடுதி கொண்டு சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் போதும். கால் ஓய்ந்தால் மேலே சாலைக்கு ஏறி பஸ் பிடிக்கலாம். கோடையில் கரையோரமாகவே மாடி பஸ் ஓடுகிறது.

அந்தத் தாளில் இருந்த பெயரை தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பினோம். அவர் இரண்டு முறை போய் முள்ளை விலக்கித் தேடினார். சில கற்களில் எழுத்து படிக்கும்படி இருக்கிறது, அந்தப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த கற்களின் படங்களைக் கீவருக்கு அனுப்பியிருக்கிறோம். மாரிக்குப்பம், ஊர்காம், கோரமண்டல் பக்கம் இருக்கும் வாசகர்கள் யாராவது பழைய ஐரோப்பியர் கல்லறைகளைப் பார்த்திருந்தால், அல்லது வீட்டில் அந்தக் காலச் சுரங்கப் படங்கள் இருந்தால், கீழே எழுதுங்கள். கேட்டவருக்கு எழுபத்தெட்டு வயது.