பேஸ்புக்கை எண்ணிப்போட்டு ‘திருகோணமலைச் சனத்துக்குக் கவலையில்லை’ எண்டு எழுதுறதோ?

உப்புவெளியான்:
தரவுத்தம்பி நேற்றுப் போட்டதை வாசிச்சதில இருந்து எனக்கு நித்திரை இல்ல. பேஸ்புக்கிலயும் எக்ஸிலயும் ‘திருகோணமலை’, ‘காலநிலை மாற்றம்’ ரெண்டு சொல்லையும் சேர்த்துத் தேடினாராம். விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பதிவு வந்ததாம். அதால இந்த மாவட்டத்துச் சனம் அதைப்பற்றிக் கவலைப்படுறதில்ல எண்டு முடிவு கட்டிப்போட்டார்.

என்ர பெரியப்பா நாப்பது வருசமாக் கடற்தொழில். போன கிழமை கரையில இருக்கிற மீன்வாடியில இருந்து குரல்பதிவு அனுப்பினவர். வலை பொத்திக்கொண்டு, நூலைப் பல்லால கடிச்சபடி கதைக்கிறார், காத்து இரைச்சலில பாதி விளங்கேல்ல. ‘தம்பி, வாடை பிந்திட்டு. முந்தியெண்டா இந்தத் திகதிக்கு வள்ளத்தைக் கரையில ஏத்திக் கட்டியிருப்பம். இப்ப நாள் பிடிபடுதில்ல.’ வாடை எண்டது மாரியில வடகிழக்கால அடிக்கிற காத்து. அவர் சொன்னதில ‘காலநிலை மாற்றம்’ எண்ட சொல் எங்க கிடக்கு? அப்ப அவருக்குக் கவலை இல்லையோ?

தரவுத்தம்பி:
அண்ணன், ஆறுதலா வாசியுங்கோ. ‘வாடை பிந்திட்டு’ எண்டது கருத்து இல்ல, வானிலைக் குறிப்பு. மழை பிந்தினா எங்கட அம்மம்மாவும்தான் புலம்பினவ. வீடுவீடாக் கேள்விக்கொத்தோட போக எவ்வளவு காசு, எத்தனை மாசம்? பதிவு உடனுக்குடன் கிடைக்குது. ஆரும் கேட்டுச் சொன்னதும் இல்ல, சனம் தானா எழுதினது.

உப்புவெளியான்:
சனம் எழுதினதோ, மிசின் எழுதினதோ? 2017 ஜூனில ட்ரம்ப் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை விட்டு விலகுறன் எண்டு அறிவிச்ச நேரத்து 65 லட்சம் ட்வீட்டை அமெரிக்காவில பிரவுன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ஞ்சவை. சராசரியா ஒரு நாளைக்குக் காலநிலை பற்றின ட்வீட்டில கால்வாசி தானியங்கிக் கணக்குகள் போட்டதாம். இதையோ சனத்தின்ர மனசு எண்டுறீர்?

எண்ணிக்கை கூடினாலும் பிழை பிழைதான். 1936ல, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல், லிட்டரரி டைஜஸ்ட் எண்ட அமெரிக்கச் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல திரும்ப வந்து, லாண்டன்தான் வெல்லுவார் எண்டு எழுதினது. எதிர்த்துக் கேட்ட ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில 46ஐ அள்ளினார். ஏன்? டெலிபோன் வச்சிருந்தவன், கார் வச்சிருந்தவன் விலாசங்களைத்தான் கூடுதலா எடுத்தவை. உம்மட பேஸ்புக்கும் அந்த டெலிபோன் புத்தகம்தான். பெரியப்பா அதில இல்ல.

தரவுத்தம்பி:
1936 கதை எனக்கும் முதலாம் வருசத்திலயே படிப்பிச்சவை. நான் கேட்டதுக்குப் பதில் இல்ல. ‘வாடை பிந்திட்டு’ எந்தப் பெட்டிக்க போடுறது? நம்புறார், நம்பேல்ல, கவலை, கவலையில்லை. எந்தப் பெட்டி?

நிலாவெளி அக்கா:
தம்பி, பெட்டி பிறகு. கடல் சூடேறினாப் பவளப்பாறை வெளிறும், அது சாகிறதுக்கு முதல் படி. எங்கட நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போற பிள்ளையள் வெளிறின பாறையைப் படம் பிடிச்சு ‘வெள்ளை வெளேர், செம வடிவு’ எண்டு போடுதுகள். கீழ முழுக்க இதயம். உங்கட மிசின் அதைச் சந்தோசம் எண்டுதானே எண்ணும்?

தரவுத்தம்பி:
அக்கா, அது வேற பிரச்சினை. அண்ணன் வாடைக்குப் பதில் சொல்லட்டும்.

கிண்ணியா காக்கா:
புரெவிப் புயல் அடிச்ச அண்டு, 2020 டிசம்பர் 2 ராவு, எங்கட தெருவுல கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. புள்ள குட்டியோட இருட்டுல குந்திக்கிட்டு விடியுமட்டும் காத்தப் பத்தித்தான் கதைச்சோம். ஒரு பதிவும் போடல்ல. அந்த ராவு நாங்க கவலையில்லாம இருந்தோம் எண்டா எழுதுவீங்க?

ஸ்காபரோ மச்சான்:
புரெவி முல்லைத்தீவிலதானே ஏறினது? திருகோணமலைக்கு மழை மட்டும்தான்.

கிண்ணியா காக்கா:
குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில ஏறின. ரெண்டும் எந்த மாவட்டம்? பனிக்குள்ள இருந்துக்கிட்டு எங்கட புயலக் கொண்டு முல்லைத்தீவுல வைக்காதீங்க.

ஸ்காபரோ மச்சான்:
நானும் மூண்டாம் கட்டையில பிறந்தவன்தான். நாங்கள் இங்க கனடாவில இருந்து பகிர்ந்ததாலதான் திருகோணமலைச் சம்பூரில கட்ட இருந்த நிலக்கரி அனல்மின் நிலையம் நிண்டது, அதை மறந்துடாதீங்க. பதிவுக்குப் பலம் இருக்கு.

உப்புவெளியான்:
வாயைக் கழுவும். சம்பூர்ச் சனம் காணியை இழந்து, முகாமில கிடந்து, திரும்பி வந்து, நிலக்கரி வேணாம் எண்டு தெருவில நிண்டது. வழக்கும் போட்டது. 2016ல அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில அந்தத் திட்டம் இல்ல எண்டு சொல்ல வேண்டி வந்தது. வெயிலுக்க பதாகை பிடிச்ச மனிசிகளில எத்தனை பேரிட்டப் பேஸ்புக் இருந்தது?

ஸ்காபரோ மச்சான்:
போன வருசமும் என்ர கருத்தை நீர்தான் அழிச்சனீர். அட்மின் பதவி கிடைச்சதில இருந்து இதுதான் வேலை.

உப்புவெளியான்:
தூசணம் எழுதினனீர், அழிச்சன். இனியும் அழிப்பன்.

தரவுத்தம்பிக்கு இன்னொண்டு. இணையத்தில எழுதுறதுக்குத் தண்டனை குடுக்கக்கூடிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இலங்கையில 2024 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்த பிறகு நானே ரெண்டு பதிவை எடுத்தனான். மணல் ஏத்துறதைப் பற்றி எழுதினது. மனிசி பயந்திட்டா. அந்த ரெண்டும் உம்மட எண்ணிக்கையில இல்ல, கோபம் என்னட்ட அப்பிடியே கிடக்கு.

கேட்டு அறியிற வழி உலகத்தில இல்லாமலும் இல்ல. 2024ல ஐநா அபிவிருத்தித் திட்டம் 77 நாட்டில 73,000க்கு மேற்பட்ட ஆக்களை, 87 மொழியில, அவரவர் பாசையில காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டது. அஞ்சில நாலு பேர் தங்கட அரசாங்கம் இன்னும் கூடச் செய்யவேணும் எண்டு சொன்னவை. கேட்டாத்தான் சனம் சொல்லும்.

தரவுத்தம்பி:
அந்த 73,000ல உப்புவெளியில எத்தனை பேர்? அதுவும் மாதிரிதானே அண்ணன். நான் ‘கச்சான்’, ‘வாடை’, ‘சோளகம்’ எண்டு காத்துகளின்ர பேரெல்லாம் தேடிப் பார்க்காமல் இல்ல. கச்சான் எண்டு தேடினாக் கோயில் திருவிழாவில நிலக்கடலை விக்கிற கச்சான் கடைதான் வருது. வாடை எண்டு தேடினா மீன் வாடை. தமிழை இங்கிலீசு எழுத்தில ஆளுக்கொரு விதமா அடிக்கினம். நான் படுற பாடு உங்களுக்கு விளங்காது.

நிலாவெளி அக்கா:
அப்ப அந்தப் பாட்டை எழுதியிருக்கலாமே தம்பி. ‘கவலையில்லை’ எண்டு ஏன் எழுதினீங்க?

தரவுத்தம்பி:
தரவு காட்டினதைத்தான் எழுதினன். ‘வாடை பிந்திட்டு’ கருத்து இல்ல. இதோட மூண்டாந்தரம் சொல்லுறன்.

உப்புவெளியான்:
நாலாந்தரமும் சொல்லும். பெரியப்பான்ர நம்பர் இன்பொக்ஸில போட்டிருக்கிறன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடும், அதுக்கு முதல் படுத்திருப்பார். ‘உங்களுக்குக் கவலை இல்லையாம்’ எண்டு அவரிட்டயே சொல்லும்.

ஸ்காபரோ மச்சான்:
என்ர கருத்தில தூசணம் இருக்கேல்ல. ஸ்கிரீன்ஷொட் இருக்கு, போடவோ?