சனிக்கிழமைப் புதிரைப் பூட்டலாமா, திறந்தே விடலாமா?

டியூசன் டீச்சர், சுங்கை சிப்புட்

வணக்கம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் இலவச டியூசன் நடத்துகிறோம். 26 பேர். ஒவ்வொரு சனிக்கிழமையும் இயங்கலையில் (இணையத்தில்) கணிதம், அறிவியல் புதிர் (குவிஸ்) ஒன்று போடுவேன். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். விடை தப்பினால் ஏன் தப்பு என்று உடனே விளக்கம் வரும்.

இப்போது ஒரு நல்ல மனிதர், ஆண்டு இறுதியில் புதிரில் அதிகப் புள்ளி எடுக்கும் மூவருக்கு மடிக்கணினி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு வந்த அடுத்த வாரமே 19 பேர் நூற்றுக்கு நூறு. அதற்கு முந்திய வாரம் 4 பேர்தான். மண்டபத்தில் அதே பின்னக் கணக்கைப் பலகையில் எழுதிக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். விசாரித்தால், ஒரு பிள்ளை செய்து முடித்து விடைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டிருக்கிறது.

ஒரே முயற்சி, நேரக்கட்டுப்பாடு, கேமரா என்று புதிரைப் பூட்டச் சொல்கிறார்கள் குழுவினர். எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

லயத்துப் பையன்

பூட்டத்தான் வேண்டும் டீச்சர். நானும் அதே வட்டாரத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன், இப்போது கோலாலம்பூரில் மென்பொருள் வேலை. அந்த 26 பேரில் யாரோ ஒரு பிள்ளை குழுவைப் பார்க்காமல் தானே செய்து 60 எடுத்திருக்கும். பட்டியலில் அது கடைசியில் நிற்கும். பூட்டாமல் விட்டால் நேர்மையாக இருந்ததற்கு நாம் கொடுக்கும் தண்டனை அது. நான் படித்த காலத்தில் வீட்டுப்பாடத்தை அண்ணன்மார் செய்துகொடுத்த பையன்கள் என்னைவிட அதிகப் புள்ளி வாங்கியிருக்கிறார்கள். அந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை.

செய்வது கஷ்டமில்லை. மூடுல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக இருபது கேள்வி எழுதிக் கேள்வி வங்கியில் போடுங்கள், அதுவே ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொடுக்கும். கணக்கில் எண்கள் ஆளுக்கு ஆள் மாறும்படியும் அதில் வைக்கலாம். விடை வரிசையைக் குலுக்கலாம். தேர்வு முடியும்வரை வேறு பக்கம் திறக்க முடியாமல் திரையைப் பூட்டும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகமொன்றில் உருவானது, இலவசம்தான்.

செம்பனை

தம்பி சொல்வது தேர்வுக்குப் பொருந்தும். டீச்சர் நடத்துவது தேர்வே இல்லையே.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்து, ஒன்றை மறுபடியும் படிக்க வைத்தார்கள். மற்றதை ஒருமுறை படித்த பிறகு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்த பத்திதான் அதிகம் நினைவில் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: நினைவிலிருந்து எழுதிய பத்தியில் 56 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்ததில் 42. கேள்வி கேட்பது அறிவை அளக்க மட்டும் இல்லை, அதுவே பாடத்தை மனதில் ஊன்றுகிறது.

அப்படி ஊன்றும் கருவியை ஒரே முயற்சி என்று பூட்டினால் இரண்டாம் முறை முயல்கிற பிள்ளைக்கு வழியில்லை. விளக்கத்தை மறைத்தால் தப்பு தப்பாகவே தங்கிவிடும்.

லயத்துப் பையன்

அக்கா, நீங்கள் சொன்ன அதே சோதனையைத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். அதனால்தான் பலன். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஏ, சி, பி என்று தட்டுகிற பிள்ளை எதையும் நினைவிலிருந்து எடுக்கவில்லை. அப்படியானால் திறந்துவிட்ட புதிரில் அளப்பதும் நடக்கவில்லை, படிப்பதும் நடக்கவில்லை. இதற்கு என்ன பதில்?

செம்பனை

சரி, அது உண்மைதான். பார்த்து எழுதினால் ஒன்றும் ஊன்றாது. ஆனால் டீச்சர் எழுதியதை மறுபடி படியுங்கள். முந்திய வாரமும் புதிர் திறந்துதான் கிடந்தது. அன்று 4 பேர்தான் முழுப்புள்ளி, யாரும் ஸ்கிரீன்ஷாட் போட்டதாக டீச்சர் சொல்லவில்லை. நடுவில் மாறியது மடிக்கணினி மட்டும். பிள்ளைகளைத் திருடர்களாகப் பார்க்க எனக்கு மனமில்லை. வீட்டில் ஒரு கணினிகூட இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் அதை நாம்தான் ஆட்டிக் காட்டினோம்.

இன்னொன்று. விளையாட்டாக நடத்தும் புதிர்ச் செயலிகளில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. கஹூட்டில் வழக்கமான கேள்விக்கு உடனே தட்டினால் 1000 வரை கிடைக்கும், கடைசி நொடியில் தட்டினால் அதில் பாதிதான். நிதானமாக யோசிக்கிற பிள்ளைக்கும், இணையம் மெதுவாக வருகிற வீட்டுக்கும் அங்கேயே பாதி போய்விடும். அந்த எண்ணை வைத்து எப்படிப் பரிசு கொடுப்பது?

நாலு பிள்ளை அம்மா

நான் அதிகம் படிக்காதவள், ஆனால் என் மூன்றாவது பிள்ளை அந்த 26 பேரில் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே திறன்பேசி. அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் மாலைதான் வரும். வந்ததும் நான்கு பேர் காத்திருப்பார்கள். நேரக்கட்டுப்பாடு வைத்தால், நடுவில் ஓர் அழைப்பு வந்தாலே அவள் நேரம் போச்சு. டாப்-அப் தீர்ந்தால் அவ்வளவுதான். ஒரே முயற்சி என்றால் அழுதுவிடுவாள்.

அப்புறம் அந்தக் கேமரா. லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், படிக்கத் தனியறை ஏது? முன்கூடத்தில்தான் உட்காருவாள், பின்னால் எல்லாரும் நடப்போம். வயசுப் பெண்கள் இருக்கிற வீட்டைப் படம் பிடிக்க நான் விடமாட்டேன். யார் கேட்டாலும் இதுதான் என் பதில்.

லயத்துப் பையன்

கேமராவை விட்டுவிடுகிறேன் அக்கா, மன்னிக்கவும். நான் வளர்ந்த வீட்டையே மறந்து பேசிவிட்டேன். இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது: நான் சொன்ன அந்தப் பூட்டுத் திரை விண்டோஸ், மேக், ஐபேட் போன்றவற்றுக்குத்தான். ஆண்ட்ராய்டு பேசிக்கு அது கிடையாது.

ஆனால் கேள்வி வங்கியை விடமாட்டேன். எண்கள் ஆளுக்கு ஆள் மாறினால் ஸ்கிரீன்ஷாட் உதவாது, முயற்சி எத்தனை முறை இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு வரும், அதுவும் பயிற்சிதானே?

செம்பனை

இதற்கு நான் முழு ஆதரவு. முதலிலேயே இதை மட்டும் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். தேர்வு என்றாலே கெட்டது என்பதுபோல் பேச்சு போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

2014-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆரின் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து, நாடு முழுக்கப் பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பூட்டி வைத்த தாளே கசிந்த காலம் அது. ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகளை மறுபடி தேர்வு மண்டபத்துக்குக் கூட்டிப்போன ஆசிரியர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். யுபிஎஸ்ஆர் 2021-இல் ரத்தானது, படிவம் மூன்றின் பிடி3 தேர்வு 2022-இல் போனது. வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்தது. ஆரம்பப்பள்ளியில் பிள்ளைகளின் பயம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனாலும் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்தத் தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவன் கிராணி (தோட்ட எழுத்தர்) மகனா, பால்மரம் வெட்டியவர் மகனா என்று தெரியாது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சிபாரிசு ஏது? அந்தத் தேர்வு மண்டபம்தான் அவனுக்குச் சிபாரிசு. எத்தனையோ வீடுகள் லயத்தைவிட்டு வெளியே வந்தது அந்தத் தாளால்தான். ஆகவே அதன் நம்பிக்கை கெடாமல் காப்பது நமக்குப் பெரிய விஷயம்.

அந்தக் காவல் வீட்டுத் திறன்பேசியில் நடக்காது. எழுதுகிறவர் யார், பக்கத்தில் யார் என்று பார்க்கக் கண்ணுள்ள ஓர் ஆள் வேண்டும். மடிக்கணினி கொடுப்பதானால் கோயில் மண்டபத்தில் மேசையைத் தள்ளித்தள்ளிப் போட்டுத் தாளில் எழுத வையுங்கள்.

லயத்துப் பையன்

ஐயா, ஒத்துக்கொள்கிறேன், ஒரு பயத்தோடு. ஒரே நாள் தேர்வு என்றால் அன்று காய்ச்சல் வந்த பிள்ளைக்கும், மண்டபத்துக்கு வர வண்டி கிடைக்காத பிள்ளைக்கும் அநியாயம். குறைந்தது மூன்று முறை வைத்து நல்ல இரண்டை எடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மூன்றுக்கு மூன்று கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். செய்யலாம், நான் உதவுகிறேன். கண்காணிக்கவும் வருகிறேன்.

நாலு பிள்ளை அம்மா

வண்டிதான் பிரச்சினை. உள்தோட்டத்திலிருந்து ஏழு பிள்ளைகள் வரவேண்டும்.

டியூசன் டீச்சர், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. பரிசு தருகிறவரிடம் நேற்றிரவு பேசினேன். புதிர்ப் புள்ளியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட் போட்ட பிள்ளையைத் திட்டவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், மற்றவர்கள் கேட்டதால் கொடுத்திருக்கிறாள். இனி விடைக்குப் பதிலாக வழியைச் சொல்லிக்கொடு என்று பலகைக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறேன்.

தம்பி, கேள்வி வங்கிக்குப் பின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாமா? என்னிடம் 40 கேள்வி கையெழுத்தில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். உள்தோட்டத்து ஏழு பேருக்கு வேன் வைத்திருக்கும் அண்ணன் யாராவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உதவ முடிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.