வீட்டில் பீர் காய்ச்ச மால்ட்: ஆன்லைனா, கடையா?

கேள்வி: 20 லிட்டர் பீருக்கு 4-5 கிலோ பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) போகிறது. ஆன்லைனில் கிலோ விலை குறைவுதான், ஆனால் டெலிவரி கட்டணத்தைச் சேர்த்தால் கடை விலையைத் தாண்டிவிடுகிறது. நீங்களெல்லாம் எப்படி வாங்குகிறீர்கள்?

பதில்: பேஸ் மால்ட்டை, அதாவது பீரில் பெரும்பங்காகப் போடும் சாதா மால்ட்டை, 25 கிலோ மூட்டையாகக் கடையில் சொல்லி வைத்து, அவர்களுக்குச் சரக்கு வரும்போதே சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். கிரிஸ்டல், ரோஸ்டட் மாதிரி நிறத்துக்கும் சுவைக்கும் கொஞ்சமாகப் போடும் மால்ட்டை மட்டும் ஆன்லைனில் வாங்கலாம்.

பதில்: மூட்டை சரி, ஆனால் உடைக்காத மால்ட்டாக இருக்கட்டும். ஈரம் படாமல் மூடி வைத்தால் பல மாதம் தாங்கும். உடைத்தது சீக்கிரமே நமுத்துவிடும். கடையில் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடையவில்லையென்றால் வேண்டாம். ஆன்லைனில் இதற்கு ஏது வழி!

கேட்டவர்: என்னிடம் அரவை மெஷின் இல்லையே?

பதில்: அப்போது கடைதான். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக்கிவிடக் கூடாது, உமி முழுசாக இருந்தால்தான் வடிக்கும்போது அடைக்காது.