ரெண்டு நாள், பதினொரு இடம்: எதை வெட்டலாம்?

வடலி:
கனடாவிலயிருந்து வாற பெறாமக்கள் நாலு பேருக்கு (12 முதல் 19 வயசு) யாழ்ப்பாணத்தை ரெண்டு நாளில சுத்திக் காட்டத் திட்டம் போடுறன். நல்லூர், நூலகம், கோட்டை, நிலாவரை, கந்தரோடை, கீரிமலை, கசூரினா, நயினாதீவு, நெடுந்தீவு, பருத்தித்துறை, மணற்காடு. வான் பிடிச்சாச்சு. திரும்பிப் போய்ப் படத்தைப் பாத்து "இது எந்த இடம்?" எண்டு கேக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பண்ணைக்காத்து:
முதல்ல நெடுந்தீவை வெட்டுங்கோ. குறிகட்டுவான் இறங்குதுறையிலயிருந்து படகே ஒரு மணித்தியாலமளவில. திரும்பிற படகு தவறினா உங்கட மற்றத் திட்டமெல்லாம் போச்சு. நயினாதீவு கிட்ட, அது காணும்.

பிறகு, எத்தினை இடம் எண்டதைவிட என்ன வேலையாய்ப் போறியள் எண்டதுதான் கணக்கு. அண்டர்சன், பிச்சேர்ட் எண்ட ரெண்டு உளவியலாளர் 1970களின் கடைசியில ஒரு வீட்டைப் பற்றின கதையை வாசிக்கக் குடுத்தவை. கள்ளன்ர கண்ணால வாசிச்சவைக்குப் பெறுமதியான சாமானுகள் நினைவில நிண்டுது. வீடு வாங்கிறவரின்ர கண்ணால வாசிச்சவைக்கு ஒழுகிற கூரை. கதை ஒண்டுதான்.

கீரிமலையைப் "பாக்க" போனா பத்து நிமிசம், ஒரு படம், அவ்வளவுதான். குளிக்கப் போங்கோ. மாத்துடுப்பு, துவாய் வேணும். ஆம்பிளையளுக்கும் பொம்பிளையளுக்கும் கேணி வேற வேற. ஆம்பிளையளின்ர கேணியில கட்டுக்கு அங்கால கடல் அடிக்கும், உள்ளுக்க நன்னீர். அதே நாள் காலமை நிலாவரைக் கிணத்தடிக்குப் போங்கோ: மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. ஏன் எண்டு வானுக்குள்ளயே கேட்டு விடுங்கோ, விடையைச் சொல்லாதேங்கோ. சுண்ணாம்புக்கல்லையும் கடலையும் அவையே கீரிமலையில பிடிச்சிடுவினம்.

சுண்ணாகம்_சந்தி:
வானுக்குப் பின்னால இருந்து போன் பாக்கிற பிள்ளைக்கு வழி ஏறாது. ஒரு கடுதாசி வரைபடத்தைக் குடுத்து ஒராளை வழிகாட்டியாய் முன்னுக்கு இருத்துங்கோ. நயினாதீவுப் படகுக்குப் போற வழி எண்டால், பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். பேரை அவையே அடையாளம் போடட்டும்.

கோட்டையடி:
எல்லா இடத்துக்கும் வேலை குடுத்தா பள்ளிக்கூடச் சுற்றுலாவாய்ப் போகும். தேடுறதை மட்டும் பாத்து மிச்சத்தை விட்டிடுவினம். நூலகத்துக்கு 1981 எரிப்பை மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனா, 2003இல திரும்பத் திறந்து இண்டைக்கும் சனம் இருந்து வாசிக்கிற நூலகம் கண்ணிலயே படாது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது வெறுமையாய் விடுங்கோ.

படமெடுக்கிறதைத் தடுக்க வேண்டாம். 2014இல வந்த லிண்டா ஹெங்கலின்ர அருங்காட்சியக ஆய்வில, முழுப் பொருளாய்ப் படமெடுத்தவைக்கு ஞாபகம் குறைஞ்சுது. ஒரு பகுதியைக் கிட்ட இழுத்து எடுத்தவைக்குக் குறையேல்ல. கோட்டை மதிலில பவளக்கல்லுத் துண்டு தெரியிற ஒரு இடத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கோ.

வடலி:
சரி, நெடுந்தீவும் மணற்காடும் வெட்டியாச்சு. நல்லூரை எங்க வைக்கலாம்?

பண்ணைக்காத்து:
மத்தியானம் நடை சாத்தும், விடிய வையுங்கோ. பெடியள் மேல்சட்டை கழட்ட வேணும் எண்டதை வீட்டிலயே சொல்லிப்போடுங்கோ. வாசலில வைச்சுச் சொன்னா, பிறகு நல்லூர் எண்டால் அந்த இழுபறிதான் ஞாபகத்தில நிக்கும்.