புதிதாகச் சேர்த்த கணினி காரணம் தெரியாமல் கிராஷ் ஆகிறது: எந்தப் பாகத்திலிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணினியைச் சேர்த்திருக்கிறேன். எட்டு கோர் கொண்ட ரைசன் 7000 வரிசை பிராசஸர், தலா 16 ஜிபி கொண்ட இரண்டு டிடிஆர்5 ரேம்கள் (6000 வேகம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது), 750 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), தனி கிராபிக்ஸ் கார்டு, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. எல்லாமே புதியவை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ புரொஃபைலை இயக்கியதைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை.

முதல் நாளிலிருந்தே கணினி எப்போது விழும் என்று சொல்ல முடியாத நிலை. நீலத்திரை வருகிறது, ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் இருக்கிறது. ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த முறை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பிறகு வேறொன்று. சில சமயம் நீலத்திரையே வராமல் பிரவுசரின் ஒரு டேப் மட்டும் மூடிக்கொள்கிறது. கனமான விளையாட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாத நாட்கள் உண்டு. ஒரு பிடிஎஃப் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது விழுந்த நாட்களும் உண்டு. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலையைக் கவனித்தேன். முழுச் சுமையிலும் பிராசஸர் 78 டிகிரியைத் தாண்டவில்லை. டிரைவர்களைப் புதுப்பித்தேன், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவினேன். பலன் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய ஜிப் கோப்பு ஒன்றைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (தரவு மாறிவிட்டதைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) வருகிறது. அதையே மறுபடி பிரித்தால் உள்ளே இருக்கும் வேறொரு கோப்பில் பிழை வருகிறது, அல்லது பிழையே இல்லாமல் பிரிந்துவிடுகிறது. இதனால் எஸ்எஸ்டி பழுதாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். பாகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் எது பழுது என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நீங்கள் கடைசியாகச் சொன்ன ஜிப் விவரம்தான் இருப்பதிலேயே பயனுள்ள துப்பு. ஆனால் அது எஸ்எஸ்டியைச் சுட்டவில்லை என்பது என் கருத்து. எஸ்எஸ்டிக்குள் பிழைதிருத்தம் இருக்கிறது. அதனால் சரிசெய்ய முடியாத இடத்தைப் படிக்க நேர்ந்தால், அது பெரும்பாலும் தவறான தரவைச் சத்தமில்லாமல் நீட்டுவதில்லை. படிக்க முடியவில்லை என்ற பிழையைத்தான் தரும். அந்தப் பிழையும் திரும்பத் திரும்ப ஒரே கோப்பில்தான் வரும். உங்களுக்கோ பிழை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பு நன்றாகவே இருக்கிறது, ரேமுக்கு வந்துபோகும் வழியில்தான் பிட்கள் மாறுகின்றன என்று இதற்குப் பொருள். நீலத்திரையின் பெயர் முறைக்கு முறை மாறுவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒரு டிரைவர் குற்றவாளியாக இருந்தால், ஒரே பெயரும் ஒரே கோப்பும் திரும்பத் திரும்ப வருவதுதான் வழக்கம். ரேம் தடுமாறும்போது யாருடைய தரவு கெட்டதோ அவர் பெயரில் பழி விழும்.

ஆகவே எஸ்எஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை அணைத்துவிட்டு, ரேமை அதன் இயல்பான 4800 வேகத்தில் ஓடவிடுங்கள். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது ரேம் தயாரிப்பாளர் தரும் வாக்கு. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அதற்கு உடன்பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரைசன் 7000 வரிசைக்கு அதன் தயாரிப்பாளர் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளும் வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200, நான்கு ரேம்களுக்கு வெறும் 3600. எக்ஸ்போவும், இன்டெலில் அதற்கு இணையான எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டும் வகையைச் சேர்ந்தவை. பெரும்பாலானவர்களுக்கு அவை சிக்கலின்றி ஓடுவதால் இது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். புரொஃபைல் இயங்கும் நிலையிலும் அணைத்த நிலையிலும் தனித்தனியாக, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தோல்விதான்; ஒன்றுதானே என்று விட்டுவிட இதில் இடமே இல்லை. டிடிஆர்5 ரேமில் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. ரேமுக்கும் பிராசஸருக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையை அது பார்ப்பதே இல்லை.

ரேம்கள் எந்த ஸ்லாட்டில் இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடங்கள்.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்தை ஒரு முறை பார்த்து விலக்கிவிடுவது நல்லது. அதற்கு அதிக நேரம் பிடிக்காது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள். அந்தப் பதிவு இருப்பதைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். அது தவறு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி கிளம்பியது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. அதன் உள்ளே பக்செக் கோட் (நீலத்திரையின் பிழை எண்) என்று ஒரு வரி இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே பூஜ்யம் இருந்தால், நீலத்திரையைப் பதிவுசெய்யக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அப்போது மின்சாரம் அறுபட்டதா, ரீசெட் ஆனதா, முற்றிலும் உறைந்துபோனதா என்று தேட வேண்டும். பூஜ்யம் அல்லாத எண் இருந்தால், விண்டோஸ் தானே பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் மீதான சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. கூடவே வீயா-லாகர் 18 என்ற பதிவு தென்பட்டால் அதையும் இங்கே எழுதுங்கள். அது பிராசஸரே தனக்குள் கண்டு அறிவிக்கும் வன்பொருள் பிழை.

பூஜ்யம் என்று வந்தால் செய்ய வேண்டியவை: கிராபிக்ஸ் கார்டில் இரண்டு 8 பின் இணைப்புகள் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை முனைகளைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள்களைக் கொடுங்கள். ஒரு 8 பின் இணைப்புக்கு விதிக்கப்பட்ட அளவு 150 வாட். இன்றைய கார்டுகளோ நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் தங்கள் சராசரியைப்போல இரு மடங்குவரை இழுக்கக்கூடியவை. கேபினட்டின் ரீசெட் பட்டன் வயரையும் மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டுச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டால், கணினி கண்ட நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். அதைக் கண்டுபிடிக்காமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. கெர்னல்-பவர் 41 பதிவுகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் பக்செக் கோட் பூஜ்யம் அல்லாத எண்தான். வீயா-லாகர் பதிவு ஒன்றுகூட இல்லை. ரேம்கள் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில்தான் இருக்கின்றன.

எக்ஸ்போ இயங்கும் நிலையில் மெம்டெஸ்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே திரை சிவப்பாகிவிட்டது. எக்ஸ்போவை அணைத்துவிட்டு இரவு முழுவதும் ஓட்டினேன். காலையில் ஒரு பிழையும் இல்லை. பிறகு எக்ஸ்போவை மறுபடி இயக்கி, ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தேன். பிழை இல்லை. அந்த ரேமை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே ஸ்லாட்டில் வைத்தேன். அதிலும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பிழைகள் திரும்ப வந்துவிட்டன. தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கும்போது, எதைப் பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது?

பதில் 3

சோதனையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. இரண்டு ரேம்களையும் நீங்கள் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டுமே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரண்டு தரவுப் பாதைகளில் (சேனல்களில்) ஏ சேனல் மட்டுமே சோதிக்கப்பட்டிருக்கிறது. இப்போது நான்காவது ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே எந்த ரேமை வைத்தாலும் பிழை வருகிறது என்றால், குற்றம் ரேமில் இல்லை. மதர்போர்டின் ஸ்லாட்டிலோ, சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்னிலோ, ஒரு பக்கமாக அழுந்தியிருக்கும் கூலரிலோ இருக்கலாம். கூலரின் திருகுகள் ஒரு மூலையில் அதிகமாக இறுக்கப்பட்டால் சாக்கெட்டில் தொடர்பு சீராக இல்லாமல் ஒரு சேனல் தடுமாறும். திருகுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அது சரியாகிவிடுவதும் உண்டு.

அங்கேயும் இரண்டும் தேறிவிட்டால், பழுதான பாகம் என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு ரேமை ஓட்டுவதைவிட இரண்டு சேனல்களில் இரண்டை ஒரே வேகத்தில் ஓட்டுவது மெமரி கன்ட்ரோலருக்குக் கடினமான வேலை. உங்களிடம் இருக்கும் பிராசஸர், மதர்போர்டு, பயாஸ் மூன்றும் சேர்ந்து 6000ஐத் தாங்கவில்லை என்றுதான் ஆகும். அப்படியானால் முதல் வேலை, மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து புதிய பயாஸை எடுத்து நிறுவுவது. டிடிஆர்5 மதர்போர்டுகளில் பயாஸ் புதுப்பிப்புகள் ரேம் நிலைத்தன்மையை வெகுவாக மாற்றியிருக்கின்றன. புதுப்பித்தபின் முதல் பூட்டில் திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். அது மெமரி டிரெய்னிங், அதாவது ரேமுக்கு ஏற்ற அமைப்புகளைக் கணினி தானே தேடிக்கொள்ளும் வேலை. பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பிறகு பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பு இயங்கினால் அதை அணைத்துவிடுங்கள். அது பழைய டிரெய்னிங் விவரத்தையே வைத்துக்கொண்டு சீக்கிரமாக பூட் ஆக உதவும் அமைப்பு. சோதிக்கும் காலத்தில் வேகமான பூட்டால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

அதற்கும் பிழை நிற்கவில்லை என்றால், புரொஃபைலை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 5600க்கு இறக்குங்கள். எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸரில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை) ஏற்றிப் பார்க்கும்படி இணையத்தில் பலர் சொல்வார்கள். அந்த வழிக்குப் போக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகிய பிறகுதான், ரைசன் தயாரிப்பாளரான ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு விதித்துப் புதிய பயாஸ் வெளியிடச் செய்தது. ஒரு படி வேகத்துக்காக பிராசஸரைப் பணயம் வைப்பதில் நியாயமே இல்லை.

இதே அறிகுறிகளோடு இந்தப் பக்கத்துக்கு வரும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால், ரேமைத் தொடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். அவற்றின் வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் 2024இல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

கேட்டவரின் மறுமொழி

நான்காவது ஸ்லாட்டிலும் இரண்டு ரேம்களும் பிழையின்றித் தேறின. பயாஸைப் புதுப்பித்தேன், நீங்கள் எச்சரித்தபடியே திரை வெகுநேரம் கறுப்பாக இருந்தது, காத்திருந்தேன். புதிய பயாஸில் 6000 வேகத்தில் பிழைகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. 5600க்கு இறக்கியதும் மெம்டெஸ்ட் இரவு முழுவதும் சுத்தமாக ஓடியது. ரேமின் கொள்ளளவைவிடப் பெரிய கோப்பு ஒன்றின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை) பல தடவை கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வருகிறது. ஜிப் கோப்பும் ஒழுங்காகப் பிரிகிறது. நீலத்திரை அதன்பின் வரவே இல்லை.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. ஒரு வீடியோ எடிட்டிங் நிரல் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது, எப்போதும் அதே இடத்தில். இதுவும் ரேம்தானா?

பதில் 1

எப்போதும் அதே இடத்தில் என்றால் அது இப்போதைய ரேம் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. முந்தைய ரேம் பிழை விட்டுச்சென்ற தழும்பாக இருக்கலாம். நீங்கள் விண்டோஸை மறுபடி நிறுவிய நேரத்தில் எக்ஸ்போ இயங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்த நிறுவலின் ஒவ்வொரு கோப்பும் பிட்களை மாற்றிவிடும் ரேம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போயிருக்கிறது. முதலில் டிஸ்ம் கட்டளையால் விண்டோஸ் இமேஜை (பழுதுபார்க்க விண்டோஸ் வைத்திருக்கும் மூலக் கோப்புகளை) சீர்செய்து, அதன்பின் கெட்ட கோப்புகளைத் தேடும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். அது கெட்ட கோப்புகள் இருந்ததாகச் சொன்னால், அத்தோடு விடாமல் இப்போதைய 5600 வேகத்திலேயே விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். எஸ்எஃப்சி பார்ப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும்தான். எடிட்டிங் நிரலின் கோப்புகள் கெட்டிருந்தால் அது சொல்லாது. நிறுவும் கோப்பையும் மறுபடி தரவிறக்குங்கள், பழையதைப் பயன்படுத்த வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பழைய வட்டிலிருந்து புகைப்படங்கள், ஆவணங்கள் எதையாவது இந்தக் கணினிக்கு நகலெடுத்திருந்தால், மூலத்தை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் எடுத்த நகல்களை மூலத்தோடு ஹாஷ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராதவற்றை மறுபடி நகலெடுங்கள். கெட்டுப்போன ஒரு படம் திறக்கும்வரை கெட்டது என்று தெரியாது.

ரேமைத் திருப்பிக் கொடுப்பதைப் பொறுத்தவரை: 6000 வேண்டும் என்று நினைத்தால், கெடு முடிவதற்குள் ஜோடியாகவே மாற்றிக்கொண்டு, மதர்போர்டு தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ள ஒரு ஜோடியை வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக் கலந்து போட வேண்டாம். நானாக இருந்தால் 5600இலேயே விட்டுவிடுவேன்; அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.