ஐபி (கோழிக்கு வர்ற தொற்று மூச்சுக்குழாய் நோய்) வந்த பேட்ச்: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

கூண்டு லைன், நாமக்கல்

பகல்ல ஒண்ணும் தெரியாது. தீவன வண்டி, ஆள் நடமாட்டம், கோழிச் சத்தம் எல்லாம் கலந்து கிடக்கும். ராத்திரி லைட் அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சு வரிசைக்கு நடுவுல நின்னா ஒரே ஒரு மூலையில 'கொர்ர் கொர்ர்'. 32 வாரம் ஆன பிவி-300, வெள்ளை முட்டை போடுற கோழி ரகம். மறுநாள் ராத்திரி ஷெட் முழுக்க அதே சத்தம். ஐபி வைரஸ் உள்ள போனா 18-லிருந்து 36 மணி நேரத்துல அறிகுறி காட்டிரும், அந்த வேகம்தான் அது. சிஆர்டி (மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவால வர்ற நாள்பட்ட மூச்சு நோய்) இப்படி ஓடாது, ஊர்ந்து ஊர்ந்துதான் போகும்.

சாவு பெருசா இல்ல. தீவனம் கொஞ்சம் மிச்சம் விழுந்தது. அடுத்த வாரத்துக்குள்ள முட்டை உற்பத்தி 93 சதவீதத்துலருந்து 70-க்கு வந்தது. ட்ரேயில மடிப்பு விழுந்த ஓடு, ஒரு பக்கம் சப்பை, தோல் முட்டை. இதெல்லாம் எல்லாரும் பார்த்ததுதான். இன்னும் உறுத்துறது வேற: ஓடு பளிச்சுனு இருந்த ஒரு நல்ல முட்டையை எவர்சில்வர் தட்டுல உடைச்சா, மஞ்சக்கரு மட்டும் நடுவுல நின்னுச்சு. வெள்ளைக்கரு தட்டு விளிம்பு வரைக்கும் ஓடிருச்சு. மஞ்சக்கருவைச் சுத்தி நிக்கவேண்டிய கெட்டி வெள்ளையே இல்ல.

இடிஎஸ்லயும் (முட்டை உற்பத்தியைச் சரிக்கிற இன்னொரு வைரஸ் நோய்) தோல் முட்டை கொட்டும். ஆனா அதுல மூச்சுச் சத்தம் வராது, வெள்ளைக்கருவும் பொதுவா இப்படித் தண்ணியாகாது. உற்பத்தி சரிஞ்சா முதல்ல நல்ல ஓட்டு முட்டையா பத்து எடுத்துத் தட்டுல உடைங்க.

இன்னொண்ணு, புத்தகத்துல ஓட்டு நிறம் வெளுக்கும்னு போட்டிருப்பாங்க. அது பிரவுன் முட்டைக்கு. நம்ம வெள்ளை முட்டையில அதைத் தேடிப் பிரயோஜனமில்ல.

பல்லடம் பிராய்லர்

ஐபின்னாலே எல்லாரும் தொண்டையைத்தான் சொல்றீங்க. பிராய்லர்ல கதையே வேற.

16 நாள் குஞ்சு. ரெண்டு மூணு நாள் லேசான தும்மல், அப்புறம் அடங்கிருச்சு. பண்ணைக்காரர் நிம்மதியா இருந்தார். அதுக்கு அப்புறம்தான் சாவு ஆரம்பம். குஞ்சு உடம்பைக் குறுக்கிட்டு நிக்குது, தண்ணி ரொம்பக் குடிக்குது, கூளம் ஈரமாகுது, எச்சம் வெள்ளையா தண்ணியா போகுது. அறுத்துப் பார்த்தா இதயம், ஈரல் மேல சுண்ணாம்பு பூசினாப்புல யூரேட் படிஞ்சிருந்தது. சிறுநீரகம் வீங்கி வெளுத்து, இடுப்பெலும்புக் குழியை விட்டு மேலே பிதுங்கி நின்னுச்சு. சிறுநீர்க் குழாய் ரெண்டும் வெள்ளை அடைச்சுத் தடிச்சிருந்தது. கௌட், அதாவது யூரிக் அமில உப்பு உறுப்புகள்ல படியுறது.

உடனே தீவன மில்லோட சண்டை. உப்பு அதிகம், புரதம் அதிகம், கால்சியம் அதிகம். அதுவும் வரலாம், இல்லேங்கல. ஆனா வயசைப் பாருங்க. முதல் நாலஞ்சு நாள்லயே கௌட்னா ஹேச்சரியிலயோ வண்டியிலயோ தண்ணி இல்லாம வாடின குஞ்சு, இல்லாட்டி புரூடர் சூடு. தீவனக் கோளாறுன்னா அதே லோடு தின்ன மத்தப் பண்ணையிலயும் வரணும். தும்மல் வந்து அடங்கி, ரெண்டு மூணு வார வயசுல கௌட்னா முதல் சந்தேகம் சிறுநீரகத்தைத் தாக்குற ஐபி வகைமேலதான் போகணும். தீவன சாம்பிளையும் அனுப்புங்க, ஆனா அதோட நிறுத்திராதீங்க.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒண்ணு ரெண்டு நாள் மக்காச்சோளக் குருணை அதிகமா குடுத்துப் புரதத்தை இறக்கணும். சிட்ரேட் உள்ள எலக்ட்ரோலைட், கூடுதல் டிரிங்கர், ராத்திரியும் தண்ணி. ஜென்டாமைசின், சல்ஃபா ரெண்டையும் தொடவே கூடாது, ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை அது முடிச்சிரும். சோடா உப்பை அள்ளிக் கொட்டுறவங்களும் நிறுத்துங்க, பைகார்பனேட் அளவு மீறினா அதுவே கௌட்டை வரவைக்கும்.

கொட்டகை மேஸ்திரி

முதல் பதிவு போட்ட அண்ணா, நீங்க சொல்றது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட்தான். தடுப்பூசி ஒழுங்கா போட்ட லேயர்ல (முட்டைக்கோழியில) ராணிக்கெட் இப்படித்தான் வரும்: சாவு இருக்காது, முட்டை மட்டும் சரியும். கழுத்துத் திருகும், பச்சைக் கழிச்சல் போகும்னு காத்திருந்தா பிடிக்க முடியாது. ஐபின்னு எதை வச்சு முடிவு பண்ணுனீங்க?

ஒரு ஷெட்ல எல்லாரும் ஐபி ஐபின்னாங்க. செத்த ஏழெட்டுக் கோழியை அறுத்ததுல ஒண்ணுல மட்டும் இரைப்பையோட சுரப்பி முனைகள்ல ரத்தப் புள்ளி. மத்ததுல எதுவுமே இல்ல. அந்த ஒரு கோழிதான் ராணிக்கெட்டைக் காட்டிக் குடுத்துச்சு. ஒரே கோழியை அறுத்துட்டு முடிவு சொல்றவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது.

எதுவா இருந்தாலும் தடுப்பூசி தண்ணியில போடுறதை ஒழுங்கா போட்டா பாதிப் பிரச்சினை வராது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். 48 மணி நேரம் முன்னாடியே குளோரின், அமில மருந்து எல்லாம் நிறுத்தணும். பைப்லைனை வெறும் தண்ணி விட்டுக் கழுவணும். 1000 கோழிக்கு அதோட வயசு எத்தனை நாளோ அத்தனை லிட்டர் தண்ணி, 40 லிட்டர் உச்சம். 10,000 பெரிய கோழிக்கு 400 லிட்டர். கொழுப்பெடுத்த பால் பவுடர் லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 400 லிட்டருக்கு ஒரு கிலோ. சாதாரணப் பால் ஊத்தாதீங்க, கொழுப்பு நிப்பிளை அடைச்சிரும். பவுடரைக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, அதுக்கப்புறம்தான் வேக்சின். குப்பியைத் தண்ணிக்குள்ள முக்கியே திறக்கணும், மேலே வச்சுத் திறந்தா உள்ள இருக்குற வெற்றிடம் காத்தோட தூசியையும் இழுக்கும். தண்ணியை ரெண்டு மணி நேரம் நிறுத்தித் தாகம் ஏத்தி, விடியுறதுக்கு முன்னாடி விடணும். போட்டதை ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். நீல டேப்லெட் போட்டா குடிச்சது குடிக்காதது நாக்குலயே தெரியும்.

வேக்சின் டீம்

மேஸ்திரி அண்ணே, அளவெல்லாம் சரி. சித்திரை வைகாசியில ரெண்டு மணி நேரம் தண்ணி நிறுத்தினீங்கன்னா கோழி முட்டி மோதிக் குடிக்கும், பலமானது ரெண்டு பங்கு, நோஞ்சான் வெறும் வாய். வெயில் காலத்துல முக்கால் மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம் போதும்.

நீல டேப்லெட் போட்ட ஒரு ஷெட்ல நாக்கைப் பார்த்துட்டு வந்தோம். டேங்க் பக்கத்துக் கூண்டுல நாக்கு, அலகு ஓரம் எல்லாம் நீலம். கடைசி முப்பது கூண்டுல ஒண்ணுகூட நீலம் இல்ல. லைன்ல தங்கியிருந்த பழைய தண்ணியை யாரும் கடைசி முனை வரைக்கும் திறந்து விடல. அந்த மூலைக் கோழி மருந்தில்லாத வெறும் தண்ணியைக் குடிச்சுத் தாகம் தீர்த்துக்கிச்சு. கடைசி நிப்பிள்ல நீலம் சொட்டுற வரைக்கும் எண்ட் கேப்பைத் திறந்தே வைக்கணும். 'ஷெட் முழுக்கப் போட்டாச்சு'ன்னு ரெஜிஸ்டர்ல மட்டும் இருக்கும்.

ஐபிக்குத் தண்ணி வழி ரெண்டாந்தரம்தான், அதையும் சொல்லணும். வைரஸ் உக்கார வேண்டிய இடம் கண், மூக்கு, மூச்சுக்குழாய். குஞ்சுக்குக் கண் சொட்டு, இல்லாட்டி பெருந்துளி ஸ்பிரே. 1000 டோஸுக்கு 30 மில்லி, ஒரு கோழிக்கு ஒரு சொட்டு. கோழி கண்ணை மூடி முழிக்கிற வரைக்கும் கையை விடக்கூடாது. முதல் தடவை ஸ்பிரேன்னா துளி 100 மைக்ரானுக்கு மேல இருக்கணும். பூச்சி மருந்து அடிக்கிற மெல்லிய நாசில்ல அடிச்சா காத்துப்பைக்குள்ள போய், வேக்சினே சிஆர்டியைக் கிளப்பிவிடும்.

இன்னொரு பழக்கம்: லசோட்டா (ராணிக்கெட் தடுப்பூசி) ஒரு குப்பி, ஐபி ஒரு குப்பி வாங்கி வீட்லயே கலக்கிறது. ஐபி வைரஸ் மூச்சுக்குழாயில முந்திக்கிட்டு இடம் பிடிக்கும், லசோட்டா சரியா ஏறாது. கம்பெனியே சேர்த்துக் குடுக்குற குப்பியில ரெண்டோட அளவும் அதுக்கேத்தாப்புல சமன் பண்ணியிருக்கும். தனித்தனியா போட்டா நடுவுல ரெண்டு வாரம் விடுங்க. மேஸ்திரி அண்ணன் பார்த்த 'ஒழுங்கா வேக்சின் போட்ட' ஷெட்ல ராணிக்கெட் வந்ததுக்கு இதுவும் காரணமா இருந்திருக்கலாம்.

பெருந்துறை நாட்டுக்கோழி

எங்க பக்கம் நாட்டுக்கோழி. முகம் வீங்கி, கண்ணை மூடி, மூக்குல நாத்தத்தோட சளி. ஐபின்னு ஒருத்தர் சொல்லி மாத்திரை குடுத்துட்டுப் போனார். இதுவும் அதுதானா?

லேயர் டாக்டர்

நாத்தமும் முக வீக்கமும் சேர்ந்தா பெரும்பாலும் கொரைசா. அது பாக்டீரியா, மருந்துக்குக் கேட்கும். மூச்சுக்குழாயில ரத்தம் கலந்த சளி, கூண்டுக் கம்பியில ரத்தத் தெறிப்பு இருந்தா ஐஎல்டியை (குரல்வளை, மூச்சுக்குழாயைத் தாக்குற இன்னொரு வைரஸ் நோய்) நினைக்கணும். திடீர்னு கொத்துக் கொத்தா செத்தா எதையும் அறுக்காதீங்க, முதல்ல கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்க, பறவைக் காய்ச்சல் இல்லேன்னு தெரியணும்.

நாட்டுக்கோழிக்கு ஐபியை விட ராணிக்கெட்தான் எமன். முதல் வாரத்துல எஃப் ஸ்ட்ரெயின் தடுப்பூசி கண் சொட்டு, எட்டு வாரத்துக்கு மேல ஆர்2பி தடுப்பூசி அரை மில்லி இறக்கையடித் தோலுக்குக் கீழ. 100 டோஸ் குப்பின்னா 50 மில்லி குளிர்ந்த நார்மல் சலைன். கரைச்சதை ஐஸ்ல வச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். முதல் சொட்டு போடாத குஞ்சுக்கு நேரா ஆர்2பி குத்தாதீங்க, ஊசியே நோயாகும்.

மேலே ஐபியா ராணிக்கெட்டான்னு நடக்குற சண்டைக்கு: கண்ணால தீராது. எச்9என்2 வகை லேசான ஃப்ளூவும் சத்தம், முட்டைச் சரிவுன்னு இதே மாதிரிதான் வரும். ஆய்வகத்துக்குப் போகணும்.

புல்லெட் ஷெட்

தட்டு, சிறுநீரகம் எல்லாம் சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்ச மோசமான ஐபி, சத்தமே கேக்காத வயசுல தெரிஞ்சது.

உற்பத்தி ஏற வேண்டிய வயசு. கொண்டை நல்ல சிவப்பு, இடுப்பெலும்பு விரிஞ்சிருக்கு, தீவனம் சரியா தின்னுது. ஆனா கிராஃப் 75 சதவீதத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குது. சில கோழி வயிறு தொங்கி, நெஞ்சை நிமிர்த்திச் செங்குத்தா நிக்குது. ஒண்ணை அறுத்தப்ப கத்தி பட்டதும் பீய்ச்சின தண்ணி மேஜை முழுக்க. முட்டைக்குழாய் நெடுக நீர்க்கட்டி, தெளிஞ்ச தண்ணி. சினைப்பையில மஞ்சக்கரு வரிசையா அழகா இருக்கு, ஆனா இறங்க வழியில்ல.

குஞ்சா இருக்கும்போது, முதல் ரெண்டு வாரத்துல ஐபி தொட்டிருக்கு. முட்டைக்குழாய் அப்பவே கெட்டிருச்சு. மூச்சு நோய் ஆறிருச்சு, அது ஆறாது. கொண்டையைப் பார்த்தோ விரல் வச்சு இடுப்பெலும்பை அளந்தோ கழிச்சுக் கட்ட முடியாது, சினைப்பை வேலை செய்றதால ரெண்டும் சரியாவே இருக்கும். கூண்டு வாரியா ஒரு வாரம் முட்டை எண்ணித்தான் கண்டுபிடிக்கணும். அதனால 'சின்னக் குஞ்சுதானே, லேசா தும்முது'ங்கிறவங்களை நான் நம்புறதில்ல.

பெரிய கோழி ஷெட்டுக்குப் போய்ட்டு அதே செருப்போட புரூடருக்குள்ள நுழையுற ஆள்தான் இதுக்கு வழி. வைரஸ் ஒண்ணும் கம்போரோ நோய் வைரஸ் மாதிரி கெட்டியானது இல்ல. கொழுப்புறை உள்ளது, சோப்பு, சூடு, சாதாரணக் கிருமிநாசினியிலேயே செத்துரும். பல வயசுக் கோழி ஒரே வளாகத்துல இருந்தா மட்டும் ஒண்ணுலருந்து ஒண்ணு தொத்திக்கிட்டே இருக்கும், ஆறின கோழியும் வாரக்கணக்குல விட்டு விட்டு வெளியேத்தும்.

பல்லடம் பிராய்லர்

சைடுல ஒண்ணு: குப்பி லேபிள்ல கொரோனான்னு போட்டிருக்கேன்னு இன்னும் கேக்குறாங்க. கோழி ஐபியும் கொரோனா குடும்பம்தான், காமா வகை, மனுசனுக்கு வராது. 2020 ஆரம்பத்துல வாட்ஸ்அப் வதந்தியில கறிக்கோழி விலை தரைக்குப் போனது போதும்.

கூண்டு லைன், நாமக்கல்

மேஸ்திரி தம்பி, ரெண்டு வாரம் விட்டு ரெண்டு தடவை ரத்தம் எடுத்தோம். ஐபி டைட்டர் (ரத்தத்துல இருக்குற எதிர்ப்புப் பொருள் அளவு) எகிறிருச்சு, ராணிக்கெட் டைட்டர் இருந்த இடத்துல இருந்துச்சு. அதை வச்சுத்தான் ஐபின்னேன்.

மருந்து விஷயம் யாரும் தொடல. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் இல்ல, பின்னாடி வர்ற ஈகோலை, மைக்கோபிளாஸ்மாவுக்குத்தான். தயாமுலின் ஆன்டிபயாடிக் எழுதினா, தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்குப் போடுற சாலினோமைசினோ மோனென்சினோ இருக்கான்னு மில்லைக் கேட்டுட்டுப் போடுங்க. ரெண்டும் சேர்ந்தா கோழி கால் விழுந்து படுத்துரும், அதையும் ஐபி கணக்குல எழுதிருவாங்க. படுதாவை முழுசா இறக்கி மூடி அம்மோனியாவைத் தேக்காதீங்க, உள்ள நுழைஞ்சதும் கண்ணு எரிஞ்சா மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்ணாயிருக்கும். குஞ்சுன்னா புரூடர் சூட்டை 2 டிகிரி ஏத்துங்க.

லேயர் டாக்டர்

டைட்டர் வச்சுச் சொன்னது சரி, ஆனா எந்த வகை ஐபின்னு எலைசா (டைட்டர் பார்க்குற ரத்தப் பரிசோதனை) சொல்லாது. அதுக்கு ஸ்வாப். சத்தம் கேட்ட முதல் வாரத்துக்குள்ள, புதுசா நோய் கண்ட கோழியில பத்தோட மூச்சுக்குழாய்ல எடுங்க. ஒரு வாரம் தாண்டிட்டா சிறுநீரகமும் குடல்வால் டான்சிலும்தான் கைகொடுக்கும். ஐஸ்ல அனுப்பணும். வெயில்ல ஊதிப்போன செத்த கோழியை மூட்டையில கட்டிக் கொண்டுவந்தா எதுவும் கிடைக்காது.

பிசிஆர் (வைரஸ் மரபணுவைத் தேடுற சோதனை) பாசிட்டிவ்னு வந்ததும் குதிக்காதீங்க. மூணு வாரத்துக்குள்ள உயிர் வேக்சின் போட்டிருந்தா அந்த வேக்சின் வைரஸே பாசிட்டிவ் காட்டும். எஸ்1 மரபணு வரிசையைப் பார்த்தால்தான் பிரியும். மாஸ் (மாசச்சூசெட்ஸ்) வகை ஐபி வேக்சின் மட்டும் போட்டு வந்த பண்ணையில வேற வகை வந்ததுன்னு உறுதியானா, அப்பதான் ஷெட்யூலை மாத்துறதுல அர்த்தம் இருக்கு. சாம்பிள் சீட்டுல வேக்சின் பேர், ஸ்ட்ரெயின், போட்ட தேதி, போட்ட வழி நாலும் இருக்கணும். பாதிச் சீட்டு வெறும் 'கோழி, நாமக்கல்'னுதான் வருது.