மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலை ஓடு) கரி நீலச் சாயத்தைப் பிடிக்கிறது, லுங்கிச் சிவப்பை விட்டுவிடுகிறது. என்ன தப்பு?

குடியாத்தம்_பொண்ணு:
எம்.எஸ்சி. புராஜெக்ட், கரியால் சாயக் கழிவுநீரைத் தெளியவைப்பது. மல்லாட்டைத் தோலை (மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும், காசே இல்லை) பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 450 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டேன். 50 மி.லி. மெத்திலீன் நீலத்துக்கு (சோதனைக்கான நீலச் சாயம்) 0.2 கிராம் போட்டால் அரை மணியில் தெளிந்துவிடுகிறது. பக்கத்துச் சாயப்பட்டறையின் சிவப்புக் கழிவில் போட்டால் 10 சதவீதம்கூட இறங்கவில்லை. கரியை இரட்டிப்பாக்கினால் கலரிமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளவு ஏறுகிறது! கைடு மறுபடி சுடச் சொல்கிறார். மூன்றாவது தடவை சுட மனசில்லை.

காட்பாடி_லேப்:
சுடாதேம்மா, கரி நல்ல கரிதான். கழிவின் பி.எச். (அமில-கார அளவு) பார்த்தாயா?

குடியாத்தம்_பொண்ணு:
இல்லை அண்ணா... இப்போது பார்த்தேன். 10.6.

காட்பாடி_லேப்:
அதானே. லுங்கி நூலுக்கு ரியாக்டிவ் சாயம், அது நூலில் ஏற சோடா ஆஷ் போடுவார்கள். அந்தச் சாயத்தில் சல்போனேட் இருப்பதால் எதிர்மின்சுமை. அமிலத்தில் செய்த உன் கரிக்கும் காரநீரில் அதே எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளாமல் என்ன செய்யும்? மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை உள்ளது, மூலக்கூறும் சின்னது. அதனால்தான் ஓடிவந்து ஒட்டுகிறது. கழிவை பி.எச். 2.5க்கு இறக்கிப் பார், அமிலநீரில் கரியின் எதிர்மின்சுமை போய்விடும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடு, சோடா பொங்கும். ஆரம்ப அளவையும் அதே பி.எச்.சில் எடு. சில சாயம் நிறம் மாறும்.

அளவு ஏறுவது வேறு கதை. அது வடிதாளைத் தாண்டி வந்து ஒளியை மறைக்கும் கரித்தூள். சாயமில்லாத தண்ணீரில் கரியைப் போட்டு, நீ வடிக்கிற மாதிரியே வடித்து, அளவு பார்.

குடியாத்தம்_பொண்ணு:
வெறும் தண்ணீரே 0.14 காட்டுகிறது! வடிதாளில் சாம்பல் நிறமாக இறங்குகிறது.

காட்பாடி_லேப்:
சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றித் தூளை அடியில் படியவைக்கும் கருவி) சுற்று. இல்லையென்றால் நுண்துளை வடிதாள் இரண்டு, முதலில் வருகிற 5 மி.லி.யைக் கொட்டிவிடு. தாளும் கொஞ்சம் சாயத்தை இழுக்கும்.

சாயப்பட்டறை_தம்பி:
குறுக்கே வருகிறேன். லேபில் சரி. எங்கள் தொட்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர். அத்தனைக்கும் ஆசிட் ஊற்றி, அப்புறம் வெளியே விட பி.எச். 6.5 முதல் 8.5க்குள் வர மறுபடி சுண்ணாம்பு போட்டால் கட்டுப்படியாகுமா? சிவந்த கரியை எங்கே கொட்டுவது? கௌண்டன்யா ஆற்றிலா?

காட்பாடி_லேப்:
நியாயமான கேள்வி. ஆற்றில் கூடவே கூடாது. கொட்டாங்குச்சிக் கரியை நீராவியில் பதப்படுத்தினால் மேற்பரப்பு அவ்வளவு அமிலமாக இருக்காது, ஆசிட் செலவு குறையும். தங்கச்சி அதையும் ஒப்பிட்டால் தீசிஸில் ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

குடியாத்தம்_பொண்ணு:
இரண்டு நாள் கழித்து: பி.எச். 2.5, சென்ட்ரிபியூஜ், 78 சதவீதம். லேசான ரோஸ் மட்டும் மிச்சம். கைடுக்கு இரண்டு குப்பியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், பேசவில்லை. வீட்டில் கொட்டாங்குச்சி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.